நான்காயிரம் மீட்டர் உயரத்தில் ஒரு கேன்டீன்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் டெலுரைட் என்ற ஊருக்கும் யூரே என்ற ஊருக்கும் நடுவே வெர்ஜீனியஸ் கணவாய் இருக்கிறது. கணவாய் என்றதும் பாலக்காட்டுக் கணவாயைப் போல ரயிலும் பேருந்தும் போய்வரும் அகலமான இடைவெளியை நினைத்துவிடக் கூடாது. பாறைச் சுவரின் உச்சியில் யாரோ கோடாரியால் ஒரே வெட்டு வெட்டியதுபோல ஒரு பிளவு, அவ்வளவுதான். நாலைந்து பேர் கூடினாலே நெருக்கடி. உயரம் 13,100 அடி, ஏறத்தாழ நான்காயிரம் மீட்டர். ஜூலையிலும் அதன் சரிவுகளில் பனி கிடக்கும்.

ஆண்டுக்கு ஒருமுறை இந்த இடுக்கில் ஒரு கேன்டீன் திறக்கிறார்கள். க்ரோகர்ஸ் கேன்டீன் என்று பெயர். வண்டி ஏறாத இடம் என்பதால் அடுப்பு, எரிவாயு, பாத்திரம், சாப்பாட்டுச் சாமான் எல்லாமே ஆட்களின் முதுகில்தான் மேலே வர வேண்டும். வருகிறவர்களுக்குச் சூடாக சூப் கிடைக்கும். நம் கொழுக்கட்டையைப் போல உள்ளே பூரணம் வைத்து வேகவைத்த பியரோகி கிடைக்கும். கேட்டால் ஒரு மிடறு டக்கீலாவும் ஊற்றித் தருவார்கள். கல்லாப்பெட்டி கிடையாது. பகலும் இரவும் பிளவுக்குள் உட்கார்ந்திருக்கும் அந்தக் கேன்டீன்காரர்கள் யாருக்கும் சம்பளமும் கிடையாது. அவர்கள் காத்திருப்பது நூற்று நாற்பது சொச்சம் ஓட்டக்காரர்களுக்காக. கடைசி ஆள் கடந்துபோன பிறகு, கொண்டுவந்த அத்தனையையும் மறுபடி முதுகில் ஏற்றிக்கொண்டு கீழே இறங்குவார்கள்.

இது ஹார்ட்ராக் ஹண்ட்ரட் பந்தயத்தின் ஒரு மூலை. மலை ஓட்டக்காரர்கள் மத்தியில் இதற்கு இருக்கும் மரியாதை தனி. சுமார் 165 கிலோமீட்டர். வழியெங்கும் ஏறும் ஏற்றங்களைக் கூட்டினால் 33,000 அடி, அதாவது பத்தாயிரம் மீட்டர். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை காலால் ஏறி, மறுபடி இறங்கி, மறுபடி ஏறி, இப்படி ஐந்து முறை போய்வந்தாலும் ஏற்றக் கணக்கு கொஞ்சம் பாக்கி நிற்கும். பந்தயம் தொடங்கும் சில்வர்ட்டன் ஊரே 2,840 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர்தான். வழியிலுள்ள மிக உயரமான புள்ளியான ஹாண்டீஸ் சிகரம் 4,280 மீட்டரைத் தாண்டும். பந்தயத்தை 48 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். முதல் பரிசு என்று ஒரு காசு கிடையாது. ஆட்டுக்கடாவின் தலை வரையப்பட்ட ஒரு பாறாங்கல் முடிவிடத்தில் நிற்கும். ஓடி முடித்தவர் அதற்கு ஒரு முத்தம் கொடுத்தால் பந்தயம் முடிந்தது.

ஓடுகிறவர்களைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். தோள்மூட்டு நழுவிய கையைக் கட்டிக்கொண்டு 2017இல் இதை வென்ற கிலியன் ஜோர்னே பற்றி ஒரு படமே எடுக்கலாம். ஆனால், நூற்றைம்பது மனிதர்களை செல்போன் கோபுரம் எட்டாத, சாலை போகாத, மதியம் ஆனால் இடி விழுகிற மலைகளுக்குள் இரண்டு நாள் அனுப்பிவிட்டு, அத்தனை பேரையும் உயிரோடு திரும்ப எண்ணி வாங்குகிறவர்களின் வேலை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. உண்மையில் ஓட்டத்தைவிடச் சிக்கலான வேலை அது. அதில் பெரும்பகுதி ‘கூடாது’ என்று சொல்வதில்தான் போகிறது.

முதல் ‘கூடாது’ அரசாங்கத்திடமிருந்து வரும். மலை யாருக்கோ சொந்தம். அங்கே பந்தயம் நடத்த அனுமதி வேண்டும். ஹார்ட்ராக்கின் பாதை பெரும்பாலும் அமெரிக்க வனத்துறை நிலத்திலும் மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை நிலத்திலும் போகிறது. எத்தனை பேர் ஓடலாம் என்பது அந்த அனுமதிச் சீட்டில் எழுதப்பட்டிருக்கும். விண்ணப்பிக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில், இடமோ நூற்றைம்பதுக்குள். குலுக்கல்தான் வழி. குலுக்கலில் பெயர் போடுவதற்கே ஏற்கெனவே கடினமான மலை ஓட்டங்களை முடித்திருக்க வேண்டும்.

கலிபோர்னியாவில் நடக்கும் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் பந்தயத்தின் கதை இதைவிடச் சுவையானது. அது முதலில் குதிரைப் பந்தயம். சியரா நெவாடா மலைகளைக் கடந்து நூறு மைல் தூரத்தை ஒரே நாளில் குதிரையில் கடக்கும் போட்டி. 1973இல் கோர்டி ஐன்ஸ்லி என்பவரின் குதிரை வழியில் நொண்டிவிட்டது. அடுத்த ஆண்டு அவர் குதிரையே இல்லாமல் வந்து நின்றார். குதிரைகளோடு தானும் ஓடி, 23 மணி 42 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார். நூறு மைல் மலை ஓட்டம் என்ற விளையாட்டே அந்த ஒரு கிறுக்குத்தனத்திலிருந்து கிளம்பியது என்றால் மிகையில்லை. 1977இல் அது ஓட்டக்காரர்களுக்கான முறையான பந்தயமானது.

பாதையின் ஒரு பகுதி கிரானைட் சீஃப் என்ற காட்டின் வழியே போகிறது. 1984இல் அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வனப்பகுதியானது. அத்தகைய வனங்களுக்குள் எஞ்சின் வைத்த வண்டி போகக் கூடாது, பந்தயம் நடத்தவும் கூடாது. ஆனால், இந்தப் பந்தயம் அதற்கு முன்பிருந்தே நடந்துவந்ததால் விதிவிலக்குக் கொடுத்தார்கள், ஒரு நிபந்தனையோடு: அன்றிருந்த அளவுக்கு மேல் கூட்டம் சேரக் கூடாது. அப்படித்தான் 369 என்ற விசித்திரமான எண் நிலைத்தது. உலகப் புகழ்பெற்ற பந்தயம். விளம்பரதாரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். நாற்பது ஆண்டுகளாகியும் அந்த எண் மட்டும் வளரவில்லை. அந்த 369 பேருக்காக வேலை செய்யும் தன்னார்வலர்கள் சுமார் 1,500 பேர்.

இரண்டு பந்தயங்களிலும் ஓட்டக்காரருக்கும் ஒரு கடமை உண்டு. பாதை செப்பனிடுவது போன்ற வேலையில் எட்டு மணி நேரம் உழைத்திருக்க வேண்டும். விழுந்த மரத்தை அறுப்பது, மழைநீர் பாதையை அரித்துக்கொண்டு போகாமல் குறுக்கே கல் அடுக்குவது, மண் சரிந்த ஓரத்தை நிமிர்த்துவது. பணம் கட்டிவிட்டேன், ஓட விடு என்று யாரும் சொல்ல முடியாது.

அனுமதி கிடைத்துவிட்டது, பாதையும் தயார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது பந்தல் போடுவது. ஆங்கிலத்தில் எய்ட் ஸ்டேஷன் என்கிறார்கள். பழனிக்கும் சமயபுரத்துக்கும் நடந்துபோகிறவர்களுக்கு வழியில் தண்ணீர்ப் பந்தல் போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. சூப், உப்புத் தொட்டுத் தின்ன அவித்த உருளைக்கிழங்கு, தர்பூசணிக் கீற்று, கோலா. கோலாவைக் கண்டால் முகம் சுளிக்கும் ஆரோக்கியப் பிரியர்கள்கூட நூறாவது கிலோமீட்டரில் அதைத்தான் கேட்பார்கள் என்பது பந்தல்காரர்கள் அறிந்த ரகசியம்.

ஆனால் சோறு போடுவது பந்தலின் பாதி வேலைதான். மறுபாதி, கணக்குப் பிள்ளை வேலை. நெஞ்சில் குத்திய எண்ணைப் பார்த்து, உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் இரண்டையும் ஒருவர் எழுதிக்கொண்டே இருப்பார். எழுதியதைத் தலைமையிடத்துக்குச் சொல்ல வேண்டும். செல்போன் எடுக்காது. இங்கேதான் ஹாம் ரேடியோக்காரர்கள் வருகிறார்கள். பொழுதுபோக்காக வானொலி இயக்க உரிமம் பெற்றவர்கள், தங்கள் சொந்தக் கருவியையும் பேட்டரியையும் தூக்கிக்கொண்டு மலைமேல் உட்கார்ந்து, விடிய விடிய எண்களை ஒலிபரப்புவார்கள். நம்மூரில் சுனாமி நேரத்திலும் வெள்ள நேரத்திலும் ஹாம் ரேடியோக்காரர்கள் செய்ததும் இதே வேலைதான்: தந்தியும் தொலைபேசியும் அற்ற இடத்திலிருந்து யார் இருக்கிறார், யார் இல்லை என்று சொல்வது.

ஒரு பந்தலிலிருந்து கிளம்பியவர்கள் 112 பேர், அடுத்த பந்தலுக்கு வந்து சேர்ந்தவர்கள் 111 பேர் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒருவர் எங்கே? பாதையோரம் படுத்துத் தூங்கியிருக்கலாம். வழி தவறி வேறு பள்ளத்தாக்கில் இறங்கியிருக்கலாம். கால் முறிந்து கிடக்கலாம். அல்லது, அலுத்துப்போய் நடுவில் ஒரு சாலையைக் கண்டதும் நண்பரின் காரில் ஏறி விடுதிக்குப் போய்க் குளித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கலாம். பந்தயம் நடத்துகிறவர்களுக்கு மிகவும் எரிச்சல் தருவது இந்தக் கடைசி ஆசாமிதான். அவர் மெத்தையில் குறட்டை விடும்போது மீட்புக் குழு நெற்றி விளக்கோடு பாறை பாறையாகத் தேடிக்கொண்டிருக்கும். அதனால்தான், விலகுவது அவமானமில்லை, சொல்லாமல் விலகுவதுதான் குற்றம் என்று புறப்படும் முன்பே இந்தப் பந்தயங்களில் திரும்பத் திரும்பச் சொல்லிவிடுவார்கள்.

வழி காட்டுவதும் லேசில்லை. பிளாஸ்டிக் நாடாவை மரத்தில் கட்டிவிட்டுப் போனால் போதும் என்று தோன்றும். மரமே இல்லாத உயரத்தில் எதில் கட்டுவது? கட்டினாலும் காட்டு விலங்குகள் கடித்து இழுத்துப் போய்விடும். ஆகவே ஹார்ட்ராக்கில் கம்பியில் கோத்த சிறு உலோகத் தகடுகளை நிலத்தில் நட்டு வைக்கிறார்கள். ஒளியைத் திருப்பியடிக்கும் பட்டை ஒட்டியிருப்பதால், இரவில் நெற்றி விளக்கின் வெளிச்சம் பட்டதும் தூரத்தில் பூனைக் கண்போல மின்னும். அப்படியும் தகடுகளை அதிகமாக நட மாட்டார்கள். பாதையை முன்கூட்டியே படித்துத் தெரிந்துகொண்டு வருவது உன் பொறுப்பு என்பது அங்கே எழுதி வைத்த விதி. சில்வர்ட்டன் அருகே மினரல் க்ரீக் என்ற ஓடையைக் கடக்கிற இடத்தில் பிடித்துக்கொள்ளக் கயிறு கட்டுவார்கள். பனி உருகி வரும் தண்ணீர், கால் மரத்துப்போகும். வெஸ்டர்ன் ஸ்டேட்ஸில் அமெரிக்கன் நதியைக் கடக்கும் இடத்தில் தன்னார்வலர்கள் தாங்களே நீருக்குள் வரிசையாக நின்று, இரவிலும் ஒவ்வொருவராகக் கைபிடித்துக் கடத்திவிடுவார்கள். வெள்ளம் அதிகமான ஆண்டுகளில் ரப்பர் படகு.

ஒவ்வொரு பந்தலுக்கும் ஒரு கெடு உண்டு. இத்தனை மணிக்குள் வராதவர் அதோடு நிற்க வேண்டும். பார்க்கிறவருக்கு இது இரக்கமில்லாத விதியாகத் தெரியும். முப்பது மணி நேரம் ஓடிவந்து நாலு நிமிடம் தாமதமான ஒருவரைப் பந்தல் பொறுப்பாளர் தடுத்து நிறுத்தும் காட்சி மனதைப் பிசையும். பொறுப்பாளர் அப்போது அவருடைய முகத்தைப் பார்ப்பதில்லை, அடுத்த மலையைப் பார்க்கிறார். இப்போதே தாமதமானவர் அடுத்த கணவாயை எத்தனை மணிக்கு ஏறுவார்? அங்கே அதுவரை ஆட்கள் இருப்பார்களா? எல்லாரும் எப்போது வீடு திரும்புவது? கெடு என்பது ஓடுகிறவரின் திறமையை அளப்பதற்கு மட்டும் வைத்ததில்லை. மலைமேல் குளிரில் உட்கார்ந்திருக்கும் தன்னார்வலரின் பொறுமைக்கும் எரிவாயுவுக்கும் ரேடியோ பேட்டரிக்கும் வைத்த எல்லையும் அதுதான்.

உடம்பு விஷயத்துக்கு வருவோம். வெயிலில் ஓடுகிறவர் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த அறிவுரை. நீண்ட ஓட்டங்களில் அதுவே ஆளைக் கொல்லக்கூடியது. வியர்வையில் உப்பு போய்க்கொண்டே இருக்க, வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் அடர்த்தி குறைந்து மூளை வீங்கத் தொடங்கும். தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு. இதை வெளியிலிருந்து பார்த்தால் நீர் வற்றியவர் போலவே இருக்கும். விவரம் தெரியாதவர் இன்னும் ஒரு பாட்டில் தண்ணீர் கொடுப்பார். வெஸ்டர்ன் ஸ்டேட்ஸில் பல ஆண்டுகள் பந்தல்களில் எடை பார்க்கும் இயந்திரம் வைத்திருந்தது இதற்காகவும்தான். நூறு கிலோமீட்டர் ஓடிய ஒருவரின் எடை கூடியிருந்தால் மருத்துவர் உஷாராவார். வலி மாத்திரை இன்னொரு வில்லங்கம். தசைகள் நொறுங்கி அதன் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும் நேரத்தில், இபுப்ரோஃபென் வகை மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் கைவிட்டுவிடும். எனவே அனுபவமுள்ள பந்தல்காரர்கள் உருளைக்கிழங்கை அள்ளித் தருவார்கள். மாத்திரை கேட்டால் மட்டும் கையை விரித்துவிடுவார்கள்.

இரண்டாம் இரவில் தூக்கம் தன் கைவரிசையைக் காட்டும். மரக்கட்டை ஆளாகத் தெரியும். பாறை வீடாகத் தெரியும். ஹார்ட்ராக்கில் பாதையின் பிற்பகுதியில் ஓட்டக்காரரோடு ஒரு துணை ஓடலாம் என்று அனுமதிப்பதற்கு நட்பு மட்டும் காரணமில்லை.

இத்தனைக்கும் மேலே வானம் இருக்கிறது. ஹார்ட்ராக் நடக்கும் சான் வான் மலைகளில் ஜூலை என்பது மழைப் பருவம். காலை தெளிவாக விடியும். மதியத்துக்குள் மேகம் திரண்டு மின்னல் வெட்டும். மரங்கள் வளரும் எல்லை 3,600 மீட்டர் அளவில் முடிந்துவிடுவதால், அதற்கு மேலே ஓடுகிற மனிதன்தான் சுற்றுவட்டாரத்திலேயே உயரமான பொருள். 2014இல் ஹாண்டீஸ் சிகரத்தருகே கனடா வீரர் ஒருவரையும் அவருடைய துணையையும் மின்னல் தாக்கியது. நெற்றி விளக்கு கருகிப்போனது. இருவரும் பிழைத்துக் கீழே இறங்கினார்கள். அந்த வீரர் மேற்கொண்டு ஓடி மூன்றாவதாகப் பந்தயத்தை முடித்தார் என்பதை வீரம் என்று சொல்வதா, வேறு ஏதாவது சொல்வதா என்று தெரியவில்லை.

1992இல் தொடங்கிய ஹார்ட்ராக் இதுவரை நான்கு முறை நடக்காமல் போயிருக்கிறது. 1995இல் பனி அதிகம். 2002இல் காட்டுத்தீ. 2020இல் கொரோனா. 2019தான் கவனிக்க வேண்டிய ஆண்டு. அந்தக் குளிர்காலத்தில் மலைச்சரிவுகளில் வரலாறு காணாத பனிச்சரிவுகள் இறங்கின. அவை முழுக் காடுகளை வேரோடு பெயர்த்துக் கொண்டுவந்து பாதைகளின் மேல் போட்டுவிட்டன. பந்தல்களுக்குச் சாமான் போகும் வழிகள் அடைபட்டன. ஓடைகளின் மேல் பனிப் பாலங்கள், எப்போது உடையும் என்று சொல்ல முடியாதவை. பந்தயத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே ரத்து என்று அறிவித்தார்கள். பல ஆண்டுகள் குலுக்கலில் தோற்று அந்த ஆண்டுதான் முதல்முறையாக இடம் கிடைத்தவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய இடம் அடுத்த ஆண்டுக்கு மாற்றப்பட்டது. அடுத்த ஆண்டு கொரோனா. இரண்டு ஆண்டு காத்திருந்து 2021இல் ஓடினார்கள்.

ரத்து செய்யத் தயங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அதே 2021ஆம் ஆண்டு சீனாவில் ஒரு பதில் கிடைத்தது.

மே 22. கான்சு மாகாணத்தின் ஜிங்தாய் வட்டாரத்தில் மஞ்சள் நதிக் கரையோரம் கல்தூண்கள் காடுபோல நிற்கும் சுற்றுலாத்தலம் ஒன்று உண்டு. அங்கே நூறு கிலோமீட்டர் மலை ஓட்டம். 172 பேர் காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டார்கள். முதல் நாளே வானிலைத் துறை பலத்த காற்று வரும் என்று எச்சரித்திருந்தது. புறப்படும்போதே காற்று வலுத்திருந்தது. பலர் அரைக்கால் சட்டையும் மெல்லிய சட்டையும்தான் போட்டிருந்தார்கள். காற்றுத் தடுக்கும் மேலங்கி கட்டாயப் பட்டியலில் இல்லை. வைத்திருந்தால் நல்லது என்ற அளவில்தான் இருந்தது. கனத்த உடைகளைப் பலர் முன்கூட்டியே பையில் போட்டு 62ஆம் கிலோமீட்டர் பந்தலுக்கு அனுப்பியிருந்தார்கள், ராத்திரி குளிருக்கு உதவும் என்று.

குளிர் ராத்திரி வரை காத்திருக்கவில்லை. இரண்டாவது சோதனைச் சாவடிக்கும் மூன்றாவதுக்கும் நடுவே எட்டு கிலோமீட்டர். அதற்குள் ஆயிரம் மீட்டர் ஏற்றம். வண்டி போகாத பாறை வழி. வண்டி போகாததால் மூன்றாவது சாவடியில் சாப்பாடு இல்லை, தண்ணீர் இல்லை, ஒதுங்க இடமும் இல்லை. அந்த ஏற்றத்தின் நடுவில் ஆலங்கட்டியும் உறைபனி மழையும் நிற்கவிடாத காற்றும் ஒன்றாக இறங்கின. நனைந்த உடம்பிலிருந்து காற்று வெப்பத்தை உறிஞ்சும் வேகம் பயங்கரமானது. முதலில் நடுக்கம், பிறகு கை வேலை செய்யாது. விரல் மரத்துப்போனபின் பையின் பிணைப்பைக்கூட அவிழ்க்க முடியாது. உள்ளே போர்வை இருந்தும் பயனில்லை. பிறகு புத்தி குழம்பும். இருபத்தொரு பேர் இறந்தார்கள். சீனாவின் மிகச் சிறந்த நெடுந்தூர ஓட்டக்காரர் என்று கருதப்பட்ட லியாங் ஜிங் அவர்களில் ஒருவர். வேகமாக ஓடுகிறவர்கள்தான் முதலில் உயரத்துக்குப் போனார்கள். அதனால் திறமைசாலிகள்தான் முதலில் மாட்டினார்கள்.

அன்று ஆறு பேர் ஒரு ஆட்டிடையரால் பிழைத்தார்கள். ஜு கெமிங் என்ற அவர், புயலுக்கு அஞ்சி ஒரு குகையில் ஒதுங்கியிருந்தார். அவசரத்துக்கென்று அங்கே விறகும் துணியும் போர்வையும் எப்போதும் வைத்திருப்பது அவர் வழக்கம். கண்ணில் பட்டவர்களை உள்ளே இழுத்துத் தீ மூட்டினார். அந்த மலையில் அன்று ஒழுங்காக நடந்த ஒரே பந்தல் அதுதான்.

கடும் வானிலையோடு, தொழில்முறையில்லாத ஏற்பாடும் நிர்வாகமும் சேர்ந்துதான் இந்த விபத்துக்குக் காரணம் என்று விசாரணை முடிவு சொன்னது. பல அதிகாரிகள் தண்டிக்கப்பட்டார்கள். ஏற்பாட்டாளர்கள் மீது குற்ற வழக்கு வந்தது. நாடு முழுக்க இத்தகைய ஓட்டங்கள் நிறுத்தப்பட்டன. இதில் புதிராக எதுவும் இல்லை என்பதுதான் வேதனை. சாமான் போக முடியாத இடம் என்றால் முதுகில் தூக்கிப் போக வேண்டும், அல்லது அந்த வழியே பாதை போடக் கூடாது. வெர்ஜீனியஸ் கணவாய்க்கும் வண்டி போகாதுதான்.

ஐரோப்பாவில் மோன் பிளாங் மலையைச் சுற்றி ஓடும் பெரிய பந்தயத்தில் மழை தாங்கும் மேலங்கி, நெற்றி விளக்கு, விசில், உடல் வெப்பத்தைக் காக்கும் போர்வை எல்லாம் கட்டாயம். இல்லாதவர் தண்டனை பெறுவார். அப்படியிருந்தும் 2010இல் புயல் காரணமாகப் பந்தயம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் நிறுத்தினார்கள். ஆயிரக்கணக்கானோர் ஏமாற்றத்தோடு திரும்பினார்கள்.

இந்த ஏற்பாடுகளையெல்லாம் கிண்டல் செய்வதுபோல ஒரு பந்தயமும் உண்டு. டென்னசி மாநிலத்தின் ஃப்ரோஸன் ஹெட் பூங்காவில் 1986 முதல் நடக்கும் பார்க்லி. அதைத் தொடங்கிய கேரி கான்ட்ரெல், லாசரஸ் லேக் என்ற புனைபெயரில்தான் பிரபலம். வழிக்குறி கிடையாது, பந்தல் கிடையாது, தண்ணீர் மட்டும் இரண்டு இடத்தில். நுழைவுக் கட்டணம் 1 டாலர் 60 சென்ட். அவர் சிகரெட் பற்ற வைத்தால் பந்தயம் ஆரம்பம். காட்டுக்குள் அங்கங்கே ஒளித்து வைத்த புத்தகங்களிலிருந்து தன் எண்ணுக்குரிய பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்து காட்டினால்தான் ஒரு சுற்று முடிந்ததாகக் கணக்கு. ஐந்து சுற்று, 60 மணி நேரம். பல ஆண்டுகளில் ஒருவர்கூட முடிப்பதில்லை. 2024இல் ஜாஸ்மின் பாரிஸ், கெடுவுக்கு 99 விநாடி இருக்கையில் வந்து சேர்ந்து, முடித்த முதல் பெண் ஆனார். ஏற்பாடே இல்லாத பந்தயம் என்று இதைச் சொல்வார்கள். அது சரியில்லை. நாற்பது பேரளவில் மட்டும் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் எல்லாரும் ஒரே வாயிலுக்குத் திரும்பி வரும்படி பாதை போட்டிருப்பதே ஒரு கெட்டிக்கார ஏற்பாடு. யார் வரவில்லை என்பது வாசலில் உட்கார்ந்தே தெரிந்துவிடும்.

இந்தியாவில் ரஜத் சவுகான் என்ற மருத்துவர் 2010இல் லடாக்கில் 222 கிலோமீட்டர் ஓட்டத்தைத் தொடங்கினார். ஐயாயிரம் மீட்டரைத் தாண்டும் கார்துங் லா கணவாய் வழியே. முதல் ஆண்டில் ஓடியவர்கள் மூன்றே பேர். முடித்தவர் ஒருவர். பெரிய வேலை அங்கே ஓட்டத்துக்கு முன்பே நடக்கிறது: சமவெளியிலிருந்து விமானத்தில் வந்து இறங்குகிறவர்கள் உடம்பு அந்தக் காற்றுக்குப் பழகும்வரை நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

சில்வர்ட்டனுக்குத் திரும்புவோம். அது சுரங்கத் தொழிலாளர் ஊர். ஹார்ட்ராக் என்ற பெயரே கடும்பாறையைக் குடைந்து வெள்ளியும் தங்கமும் எடுத்தவர்களைக் குறிக்கும். ஓட்டக்காரர்கள் போகும் பல பாதைகள் அவர்களும் அவர்களுடைய கோவேறு கழுதைகளும் போட்டவை. கடைசிப் பெரிய சுரங்கம் 1991இல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு முதல் பந்தயம். தொடக்கத்திலிருந்தே இதை நடத்திவந்தவர் டேல் கார்லண்ட். பந்தய நாட்களில் பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சிக் கூடம்தான் தலைமையிடம். ஞாயிறு காலை ஆறு மணி நெருங்கும்போது வாசலில் கூட்டம் கூடும். வென்றவர் ஒரு நாளுக்கு முன்பே கல்லை முத்தமிட்டுவிட்டுத் தூங்கப் போயிருப்பார். கூட்டம் பார்க்க வருவது கடைசியாக வருகிறவரை.

அவருக்கும் பின்னால் மலையில் இன்னும் ஆட்கள் உண்டு. பாதையைத் துடைத்துக்கொண்டு வருகிறவர்கள். யாரும் விட்டுப்போகவில்லை என்று பார்த்துக்கொண்டே, நட்ட தகடுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பையில் போட்டபடி நடக்கிறார்கள். வெர்ஜீனியஸ் கணவாயில் அடுப்பு அணைந்து, பாத்திரங்கள் கட்டப்பட்டு, குப்பைப் பை உட்பட எல்லாம் முதுகில் ஏறியிருக்கும். ஹார்ட்ராக்கில் ஆண்டுக்கு ஆண்டு திசை மாறும். இந்த முறை டெலுரைட் பக்கமிருந்து ஏறி வந்தார்கள் என்றால், அடுத்த ஜூலையில் யூரே பக்கமிருந்து வருவார்கள். சூப் பானையை எந்தப் பக்கம் வைப்பது என்று கேன்டீன்காரர்கள் மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும்.